தூரத்துக்கேற்ற ரெட்டிகிள்: 10 மீட்டர் முதல் 1000 மீட்டர் வரை தேர்வும் பயன்பாடும்

ரைஃபிள் ஸ்கோப்பினுள் தெரியும் குறுக்குக் கோடுகளையும் புள்ளிகளையும் சேர்த்தே ரெட்டிகிள் என்கிறோம். அந்தக் கோடுகள் கோணத்தை மட்டுமே அளக்கின்றன; இலக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதோ, உங்கள் குண்டு எவ்வளவு தாழ்ந்து இறங்கும் என்பதோ அவற்றுக்குத் தெரியாது. புதியவர்களின் தடுமாற்றத்தில் பெரும்பகுதி இந்த ஒன்றை மறப்பதால் வருகிறது. ஆகவே முதலில் தூரம், பிறகு இலக்கு, அதன் பிறகு அலகு, கடைசியாக ரெட்டிகிளின் வடிவம் என்ற வரிசையில் தேர்வு நடக்க வேண்டும். வாங்கிய பின் அந்தக் கோடுகளை உங்கள் துப்பாக்கியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இவ்வழிகாட்டி இலக்குச் சுடுதலுக்கு மட்டுமே உரியது. சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிகளின்படி நடக்கும் 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு இடமில்லை. அவை துளைக் குறிகாட்டியோடு சுடப்படுபவை. ஃபீல்ட் டார்கெட் எனப்படும் காற்றுத் துப்பாக்கிப் போட்டி, பாயிண்ட் 22 (0.22 அங்குல) அளவுள்ள ரிம்ஃபயர், அதாவது அடிவிளிம்பில் பற்றவைக்கப்படும் சிறு தோட்டாவோடு செய்யும் பயிற்சி, சென்டர்ஃபயர், அதாவது அடியின் மையத்தில் பற்றவைக்கப்படும் தோட்டாவோடு 100 மீட்டர் முதல் 1000 மீட்டர் வரை சுடுதல் ஆகியவையே இங்கே பேசப்படும் களங்கள்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

உங்கள் துப்பாக்கிக்கு உறுதியாகப் பொருந்தும் அடித்தளமும் வளையங்களும், முறுக்குவிசை காட்டும் திருப்புளி, சிறிய நீர்மட்டம், தூக்குக்குண்டு நூல், அளவு நாடா, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப், குறிப்பேடு ஆகியவை வேண்டும். குரோனோகிராஃப் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை; சுடுதளத்தில் ஒருவரிடம் இருந்தால் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே வகைத் தோட்டா, கூடுமானால் ஒரே உற்பத்தித் தொகுப்பைச் சேர்ந்தது, போதிய அளவு இருக்க வேண்டும். பாதி வேலையில் தோட்டா மாறினால் அதுவரை குறித்த எண்கள் பயன்படாமல் போகும்.

பொருத்தும் வேலை தொடங்கும் முன் துப்பாக்கி வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைத் திறந்தோ கழற்றியோ வையுங்கள். ஸ்கோப் வழியே பார்க்கும் ஆர்வத்தில் துப்பாக்கியின் முனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மறப்பவர்களை எல்லாச் சுடுதளங்களிலும் காணலாம்.

2. தூரத்தையும் இலக்கின் அளவையும் எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று விடைகளை எழுதுங்கள்: நீங்கள் சுடும் மிகக் குறைந்த தூரம், மிக அதிகத் தூரம், ஒவ்வொன்றிலும் இலக்கின் அளவு. தூரம் முன்கூட்டியே தெரிந்ததா, நீங்களே கணிக்க வேண்டியதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பின்வரும் முடிவுகள் எல்லாம் இந்தத் தாளை நம்பியே எடுக்கப்படும்.

காரணம் எளிது. இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் 1000 கஜத்தில் எஃப் கிளாஸ் (துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப்போடு படுத்துச் சுடும் போட்டி) சுடுபவருக்குத் தூரம் தெரியும், இலக்கு வட்டமானது, அது நகராது. ஃபீல்ட் டார்கெட் சுடுபவருக்கோ 10 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை ஒவ்வோர் இலக்கும் வெவ்வேறு தூரத்தில், தூரம் சொல்லப்படாமல் நிற்கிறது. குண்டு துளைக்குள் புகுந்தால் மட்டுமே விழும் தகட்டில், அந்தத் துளை சில இடங்களில் 15 மில்லிமீட்டர் மட்டுமே. முன்னவருக்கு மெல்லிய ஒரு புள்ளி போதும். பின்னவருக்குக் கோடுகள் நிறைய வேண்டும். இருவரும் ஒரே ஸ்கோப்பைப் புகழ்ந்தால் ஒருவர் தவறான ஸ்கோப்பை வைத்திருக்கிறார் என்றே கொள்ளலாம்.

3. மில் அல்லது எம்.ஓ.ஏ.: ஏதேனும் ஒன்று

ரெட்டிகிள்கள் இரண்டு கோண அலகுகளில் வருகின்றன. மில்லிரேடியன், சுருக்கமாக மில், 100 மீட்டரில் 10 சென்டிமீட்டரைக் காட்டும். 1000 மீட்டரில் 1 மீட்டர். எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 2.9 சென்டிமீட்டர், 100 கஜத்தில் 1.047 அங்குலம். ஒரு மில் ஏறத்தாழ 3.44 எம்.ஓ.ஏ.வுக்குச் சமம்.

துல்லியத்தில் இரண்டுக்கும் உயர்வு தாழ்வு இல்லை. மீட்டரில் சிந்திப்பவருக்கு மில் எளிது என்பதே என் கருத்து; ஸ்கோப்பின் திருகை ஒரு சொடுக்குத் திருப்பும் 0.1 மில் கிளிக் 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர் என்பதைக் கணிப்பான் இல்லாமலே நினைவில் வைக்கலாம்.

விட்டுக்கொடுக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. ரெட்டிகிள் எந்த அலகிலோ, ஸ்கோப்பின் மேற்புறத்திலும் பக்கவாட்டிலும் உள்ள, குண்டு விழும் இடத்தை நகர்த்தும் திருகுகளும் அதே அலகில் இருக்க வேண்டும். பழைய ஸ்கோப்புகள் பலவற்றில் ரெட்டிகிள் மில் புள்ளிகளாகவும் திருகு கால் எம்.ஓ.ஏ. கிளிக்காகவும் இருக்கும். அப்போது கண்ணில் தெரியும் 1 மில் பிழையைத் திருத்த 13.75 கிளிக் திருப்ப வேண்டும். அமைதியாக உட்கார்ந்து கணக்கிட்டால் முடியும். போட்டி நேரத்தில் முடியாது. இரண்டாம் கை ஸ்கோப் வாங்குபவர்கள் விலையைக் கேட்கும் முன் இதைக் கேட்க வேண்டும்.

4. முதல் குவியத் தளமா, இரண்டாம் குவியத் தளமா

உருப்பெருக்கத்தை மாற்றும்போது ரெட்டிகிளும் இலக்கோடு சேர்ந்து பெரிதானால் அது முதல் குவியத் தள ஸ்கோப். இலக்கு மட்டும் பெரிதாகி, ரெட்டிகிள் அப்படியே நின்றால் அது இரண்டாம் குவியத் தள ஸ்கோப்.

முதல் வகையில் 1 மில் எந்த உருப்பெருக்கத்திலும் 1 மில்தான். தூரம் மாறிக்கொண்டே இருக்கும் சுடுதலுக்கு இதுவே ஏற்றது. ஆனால் 5 முதல் 25 மடங்கு வரை மாறும் ஸ்கோப்பில், 5 மடங்கில் வைத்தால் சிறு கோடுகள் தலைமுடி போல மெலிந்து காணாமல் போகும். அருகில் சுடுவதே உங்கள் பெரும்பாலான வேலை என்றால் இது தொல்லை.

இரண்டாம் வகையில் கோடுகளின் தடிமன் மாறாது. எப்போதும் தெளிவாகத் தெரியும். ஆனால் அவற்றின் அளவு ஒரே ஓர் உருப்பெருக்கத்தில் மட்டுமே உண்மை. பெரும்பாலும் அது உச்ச உருப்பெருக்கம். சில ஸ்கோப்புகளில் 10 மடங்கு. கையேட்டைப் பார்த்து, அந்த எண்ணை ஸ்கோப்பின் மேலேயே சிறு தாளில் ஒட்டிவிடுங்கள்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 24 மடங்கில் அளவு பொருந்தும் ரெட்டிகிளை 12 மடங்கில் வைத்தால், 1 மில் என்று நீங்கள் நினைக்கும் இடைவெளி உண்மையில் 2 மில். 600 மீட்டரில் 5 மில் உயர்த்திப் பிடிக்க நினைத்தவர் 10 மில் பிடித்திருப்பார்; குண்டு இலக்குக்கு 3 மீட்டர் மேலே போகும். நண்பகல் வெயிலில் கானல் அலை எழும்போது படம் நடுங்குவதால் உருப்பெருக்கத்தைக் குறைப்பது வழக்கம். நம் ஊர் வெயிலில் இது அடிக்கடி நேரும். இரண்டாம் குவியத் தள ஸ்கோப்பில் அப்படிக் குறைத்த கணமே உங்கள் அளவுகள் மாறிவிட்டன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

5. தூரத்துக்கேற்ற வடிவம்

10 முதல் 50 மீட்டர், காற்றுத் துப்பாக்கி. புதியவர்கள் மிகவும் குறைத்து மதிப்பிடும் தூரம் இதுதான். ஸ்கோப் குழலுக்கு 4 அல்லது 5 சென்டிமீட்டர் மேலே அமர்ந்திருப்பதால், மிக அருகிலும் குண்டு பார்வைக் கோட்டுக்குக் கீழேயே இருக்கும். பாயிண்ட் 177 அளவில் 12 அடி-பவுண்டு ஆற்றலுள்ள காற்றுத் துப்பாக்கியை 30 மீட்டரில் ஜீரோ செய்தால், அதாவது அத்தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி திருகுகளைச் சரிசெய்தால், 50 மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மில் உயர்த்த வேண்டும். 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒன்றரை மில் உயர்த்த வேண்டும். அருகில் இருப்பதால் நேராகக் குறிவைக்கலாம் என்று எண்ணுபவர்கள் தகட்டின் துளைக்குக் கீழே அடிக்கிறார்கள். இத்தூரத்துக்குக் கீழ்நோக்கி அரை மில் இடைவெளியில், இயன்றால் இன்னும் நெருக்கமாக, கோடுகள் உள்ள ரெட்டிகிள் வேண்டும். அதோடு 10 மீட்டர் வரை குவிக்கக்கூடிய பக்கக் குவியச் சக்கரமும் வேண்டும். ஸ்பிரிங் வகைத் துப்பாக்கியானால் அதன் அதிர்வு முன்னும் பின்னும் அடிக்கும். அதற்கென்று செய்யப்படாத ஸ்கோப்பில் ரெட்டிகிளே தளர்ந்துவிடும்.

50 முதல் 100 மீட்டர், ரிம்ஃபயர். வழக்கமான வேகமுள்ள, 40 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) பாயிண்ட் 22 தோட்டாவை 50 மீட்டரில் ஜீரோ செய்தால், 100 மீட்டரில் அது 20 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது 2 மில்லுக்கு மேல் தாழும். இங்கே எளிய மில் ரெட்டிகிள் போதும். நெடுந்தூரச் சுடுதலைக் குறைந்த செலவில் கற்க விரும்புபவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை. காற்றும் தாழ்வும் 100 மீட்டரிலேயே கண்ணுக்குத் தெரியும்.

100 முதல் 300 மீட்டர், சென்டர்ஃபயர். வெளிப்புறம் தடித்து மையத்தில் மெலியும் டூப்ளெக்ஸ் ரெட்டிகிள் இத்தூரத்துக்குப் பல காலமாகப் பயன்பட்டு வருகிறது. இலக்கு பெரிதானால் அதுவே போதும். 200, 300, 400 என்று தூர எண்களையே குறிகளாகக் கொண்ட பி.டி.சி. வகை ரெட்டிகிள்களும் இங்கே விற்கப்படுகின்றன. அவை ஒரு குறிப்பிட்ட தோட்டாவையும் ஒரு குறிப்பிட்ட வேகத்தையும் கருதிச் செய்யப்பட்டவை. உங்கள் துப்பாக்கியில் 300 என்ற குறி 285 மீட்டருக்கோ 320 மீட்டருக்கோ பொருந்தலாம். ஒவ்வொரு குறியையும் சுட்டுப் பார்த்து, அது உண்மையில் எந்தத் தூரம் என்று எழுதிக்கொள்பவருக்கு மட்டுமே இவ்வகையைப் பரிந்துரைப்பேன்.

300 மீட்டருக்கு மேல், தூரம் மாறும் சுடுதல். முதல் குவியத் தளத்தில், 0.2 அல்லது 0.5 மில் இடைவெளிக் கோடுகளும், கீழே போகப்போக அகலும் மரம் போன்ற அமைப்பும் கொண்ட ரெட்டிகிள் இதற்குரியது. அந்த மரத்தின் பயன், தாழ்வையும் காற்றையும் ஒரே புள்ளியில் பிடிக்க முடிவது. அதன் குறை நெருக்கடி. குண்டு விழுந்த இடத்தைக் கோடுகளே மறைத்துவிடும். மரத்தின் புள்ளிகள் மெல்லியவையா என்பதைக் கடையிலேயே வெளிச்சத்திலும் நிழலிலும் பார்த்துத் தீர்மானியுங்கள்.

600 முதல் 1000 மீட்டர், தூரம் தெரிந்த தாள் இலக்கு. இங்கே தடிமன்தான் முதல் கேள்வி. 0.2 மில் அளவுள்ள பழைய மில் புள்ளி 1000 மீட்டரில் 20 சென்டிமீட்டரை மறைக்கும். அமெரிக்க எஃப் கிளாஸ் 1000 கஜ இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10 அங்குலம், அதன் நடுவிலுள்ள எக்ஸ் வட்டம் 5 அங்குலம். புள்ளி எக்ஸ் வட்டத்தை முழுவதும் விழுங்கிவிடும். 0.05 மில்லோ அதற்கும் குறைவோ தடிமனுள்ள கோடும், மையத்தில் சிறு புள்ளியும், பக்கவாட்டில் சில குறிகளும் போதும்.

ரெட்டிகிள் ஒளிர்வதா இல்லையா என்பது அந்தி நேரத்தில் சுடுபவரின் கவலை. பகலில் சுடுதளத்தில் சுடுபவர் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

6. பொருத்துதலும் மட்டம் பார்த்தலும்

முதலில் துப்பாக்கியை மட்டமாக நிறுத்துங்கள். பிறகு ஸ்கோப்பை வளையங்களில் தளர்வாக வைத்து, உச்ச உருப்பெருக்கத்தில், நீங்கள் உண்மையில் சுடும் நிலையில் படுத்தோ உட்கார்ந்தோ, முழு வட்டமும் நிழலின்றித் தெரியும்வரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் இருக்கும். மேசையருகே நின்றபடி இந்த இடத்தை முடிவு செய்பவர்கள், படுத்தவுடன் கழுத்தை நீட்ட வேண்டியிருப்பதைக் கண்டு மறுபடி கழற்றுகிறார்கள்.

அடுத்து, 20 அல்லது 30 மீட்டர் தள்ளித் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, ரெட்டிகிளின் நெடுங்கோடு அந்த நூலோடு ஒன்றும்படி ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். ஸ்கோப்பின் மேல்மூடியில் நீர்மட்டம் வைத்துப் பார்ப்பது போதாது, ஏனெனில் உள்ளேயிருக்கும் ரெட்டிகிள் மேல்மூடிக்கு நேராக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

சாய்வு ஏன் முக்கியம் என்பதை எண்ணால் சொல்லலாம். பாயிண்ட் 308 வின்செஸ்டர் என்ற சென்டர்ஃபயர் தோட்டாவில் 175 கிரெயின் குண்டு, 100 மீட்டர் ஜீரோவிலிருந்து 600 மீட்டரில் 5 முதல் 6 மில் உயர்த்தம் கேட்கும். துப்பாக்கி 2 பாகை சாய்ந்திருந்தால் அத்தூரத்தில் குண்டு 11 சென்டிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகும். பலர் இந்த விலகலைக் காற்றின் மேல் பழி போட்டுவிடுகிறார்கள்.

வளையத் திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். உற்பத்தியாளர் சொன்ன முறுக்குவிசையே அளவு. வளையங்களுக்குப் பெரும்பாலும் அது 2 நியூட்டன் மீட்டரை ஒட்டியிருக்கும். கையின் வலிமையை நம்பி இறுக்கினால் குழாய் நசுங்கும். இறுக்கிய பிறகு நூலை மறுபடி பாருங்கள். இறுக்கும்போதே ஸ்கோப் சிறிது திரும்பியிருக்கும்.

7. முதலில் கண், பிறகு தூரம்

குவிப்பதற்கு இரண்டு அமைப்புகள் உண்டு. அவற்றின் வரிசையை மாற்றக் கூடாது. கண் பக்கமுள்ள டயாப்டர் வளையம் ரெட்டிகிளை உங்கள் கண்ணுக்குத் தெளிவாக்குகிறது. பக்கத்திலோ முன்புறமோ உள்ள இடமாறு தோற்றப்பிழைச் சக்கரம் இலக்கின் படத்தை ரெட்டிகிள் இருக்கும் தளத்துக்குக் கொண்டுவருகிறது.

டயாப்டருக்கு ஸ்கோப்பை வெறும் வானத்தை நோக்கியோ வெள்ளைச் சுவரை நோக்கியோ திருப்புங்கள். சூரியன் இருக்கும் பக்கம் ஒருபோதும் வேண்டாம். ஓரிரு நொடி மட்டும் பார்த்து, கண்ணை எடுத்து, வளையத்தைத் திருப்பி, மறுபடி பாருங்கள். நீண்ட நேரம் பார்த்தால் கண் தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். மங்கலான கோடும் கூர்மையாகத் தெரியத் தொடங்கும். கண்ணாடி அணிபவர்கள் சுடும்போது அணியும் அதே கண்ணாடியோடு இதைச் செய்ய வேண்டும். முடிந்ததும் வளையத்தைப் பூட்டுங்கள்.

பிறகு இலக்கைப் பார்த்து, சக்கரத்தைத் திருப்பி, படத்தைத் தெளிவாக்குங்கள். இத்தோடு நிறுத்திவிடுவதே பொதுவான பிழை. துப்பாக்கியைத் தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் மெல்ல அசையுங்கள். ரெட்டிகிள் இலக்கின் மேல் மிதப்பதுபோல் நகர்ந்தால் பிழை இன்னும் இருக்கிறது. நகர்வு நிற்கும் இடமே சரியான இடம். சக்கரத்தில் அச்சிட்ட தூர எண் அதிலிருந்து விலகியிருந்தால் எண்ணை நம்பாதீர்கள்.

சக்கரமே இல்லாத ஸ்கோப்புகளில் இத்தூரம் தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டிருக்கும். 100 மீட்டருக்கு வைக்கப்பட்ட, 40 மில்லிமீட்டர் முன்வில்லை கொண்ட ஸ்கோப்பை 50 மீட்டரில் பயன்படுத்தினால், கண் ஓரத்துக்கு விலகும்போது மிக மோசமான நிலையில் 10 மில்லிமீட்டர் பிழை வரும்; 10 மீட்டரில் அது 18 மில்லிமீட்டர். பெரிய துப்பாக்கியின் பழைய ஸ்கோப்பைக் காற்றுத் துப்பாக்கியில் மாட்டுபவர்களுக்கு, 15 மில்லிமீட்டர் துளை ஏன் தப்புகிறது என்பதற்கு இதுவே விடை.

8. ஜீரோ செய்தல்

சென்டர்ஃபயருக்கு 100 மீட்டர், ரிம்ஃபயருக்கு 50 மீட்டர், காற்றுத் துப்பாக்கிக்கு 30 மீட்டர் நல்ல தொடக்கம். 100 மீட்டரில் காற்றும் வெப்பநிலையும் சென்டர்ஃபயர் குண்டை மிகக் குறைவாகவே மாற்றுகின்றன. ஆகவே எந்த ஊரில் சுட்டாலும் அந்த ஜீரோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். முதல் நாளே 300 மீட்டரில் ஜீரோ செய்பவர் அன்றைய காற்றையும் ஜீரோவுக்குள் பூட்டிவிடுகிறார்.

முதல் குண்டை 25 மீட்டரில் சுடுங்கள்; தாளையே தவறவிடும் வாய்ப்பு குறையும். அத்தூரத்தில் 0.1 மில் கிளிக் 2.5 மில்லிமீட்டர் மட்டுமே நகர்த்தும் என்பதால், 100 மீட்டர் கணக்கில் கிளிக் எண்ணுபவர்கள் நான்கில் ஒரு பங்குதான் திருத்துவார்கள்.

இந்தக் கணக்கே தேவைப்படாத வழி ஒன்று உண்டு. மூன்று அல்லது ஐந்து குண்டுகளைச் சுட்டபின், மையத்தைக் குறிவைத்த புள்ளியில் வைத்து, துளைகளின் நடு எத்தனை மில் தள்ளியிருக்கிறது என்று ரெட்டிகிளிலேயே படியுங்கள். 0.6 மில் கீழும் 0.3 மில் வலதும் இருந்தால், திருகில் 0.6 மேலும் 0.3 இடதும் திருப்புங்கள். கோணத்தைக் கோணத்தாலேயே திருத்துவதால் தூரம் இதில் நுழைவதில்லை. ரெட்டிகிளும் திருகும் ஒரே அலகில் இருக்க வேண்டும் என்று மூன்றாம் படியில் வலியுறுத்தியதன் பயன் இங்கே கிடைக்கிறது.

ஒற்றைக் குண்டைப் பார்த்துத் திருத்தாதீர்கள். ஒற்றைத் துளை உங்கள் கைநடுக்கத்தையும் காட்டும். குழு, அதாவது அடுத்தடுத்துச் சுட்ட சில குண்டுகளின் துளைத் தொகுதி, மையத்தில் விழுந்ததும் திருகின் எண்தட்டைத் தளர்த்திப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டுங்கள்.

9. அளவுகோலைச் சோதித்தல்

பெரும்பாலானோர் தாண்டிச் செல்லும் படி இது. ஸ்கோப்பின் பெட்டியில் எழுதியிருப்பது உற்பத்தியாளரின் நோக்கம். உங்கள் கையிலுள்ள ஸ்கோப் அதை நிறைவேற்றுகிறதா என்பது வேறு கேள்வி.

முதலில் சுடாமலே செய்யும் சோதனை. ஸ்கோப்பிலிருந்து சரியாக 100 மீட்டரை நாடாவால் அளந்து, அங்கே 1 மீட்டர் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ரெட்டிகிளின் 10 மில் அந்த 100 சென்டிமீட்டரோடு பொருந்த வேண்டும். இரண்டாம் குவியத் தள ஸ்கோப்பானால், பொருந்தும்வரை உருப்பெருக்க வளையத்தைத் திருப்பி, பொருந்திய இடத்தில் பெயிண்ட் கோடு ஒன்று போடுங்கள். கையேட்டின் எண்ணைவிட அந்தக் கோடு நம்பத்தக்கது.

பிறகு சுட்டுச் செய்யும் சோதனை. உயரமான தாளில் தூக்குக்குண்டு நூலின் உதவியால் நெடுங்கோடு வரைந்து, அடியில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியையே குறிவைத்து ஒரு குழு சுடுங்கள்; திருகை 10 மில் உயர்த்தி, மறுபடி அதே புள்ளியைக் குறிவைத்து இன்னொரு குழு சுடுங்கள். இரண்டு குழுக்களுக்கும் இடையே 100 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 97 சென்டிமீட்டர் மட்டுமே இருந்தால், இனி நீங்கள் திருப்பும் ஒவ்வோர் எண்ணையும் 1.03 ஆல் பெருக்க வேண்டும். மேல் குழு நெடுங்கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகியிருந்தால் ரெட்டிகிள் சாய்ந்திருக்கிறது அல்லது துப்பாக்கியை நீங்கள் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். கடைசியாகத் திருகைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பி ஒரு குழு சுட்டு, அது பழைய இடத்துக்கே வருகிறதா என்று பாருங்கள். வராத ஸ்கோப்பில் திருகைத் தொடாமல் ரெட்டிகிளால் மட்டும் சுடலாம். நெடுந்தூரத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

10. தூர அட்டை தயாரித்தல்

குரோனோகிராஃபில் கிடைத்த சராசரி வேகம், குண்டு காற்றுத் தடையை எவ்வளவு சமாளிக்கிறது என்பதைக் காட்டும் பாலிஸ்டிக் எண், குழல் மையத்திலிருந்து ஸ்கோப் மையம் வரையிலான உயரம், ஜீரோ தூரம், வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றை குண்டின் பாதையைக் கணக்கிடும் ஏதேனும் ஒரு பாலிஸ்டிக் செயலியில் இட்டால் ஒவ்வொரு தூரத்துக்கும் உரிய மில் எண் கிடைக்கும். தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகத்தை இடாதீர்கள். அது வேறொரு குழல் நீளத்தில் அளந்தது.

காற்றழுத்தத்தில் ஒரு பொறி இருக்கிறது. வானிலைச் செய்திகள் தருவது கடல்மட்டத்துக்குச் சரிசெய்யப்பட்ட அழுத்தம். செயலி கேட்பது நீங்கள் நிற்கும் இடத்தின் உண்மையான அழுத்தமாக இருந்தால், மலைப்பகுதியில் இந்த இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கும். சென்னையில் இந்தப் பிழை தெரியாது. உதகையின் உயரத்தில் 800 மீட்டர் எண்ணையே அது மாற்றிவிடும்.

செயலி தரும் எண்கள் தொடக்கம் மட்டுமே. பாயிண்ட் 308இல் முன்பு சொன்ன குண்டு 300 மீட்டரில் ஒன்றரை முதல் இரண்டு மில், 1000 மீட்டரில் 12 முதல் 14 மில் கேட்கும் என்பது பொதுக் கணக்கு. அந்த இடைவெளிக்குள் உங்கள் துப்பாக்கி எங்கே நிற்கிறது என்பதைச் சுட்டுப் பார்த்தே எழுத வேண்டும். நடுத்தூரத்தில் எண் பொருந்தாவிட்டால் வேகத்தைத் திருத்துங்கள். நடுத்தூரத்தில் பொருந்தி நெடுந்தூரத்தில் மட்டும் விலகினால் பாலிஸ்டிக் எண்ணைத் திருத்துங்கள்.

இறுதி எண்களை எழுதிய அட்டையைச் சுடும் நிலையிலிருந்து தலையைத் தூக்காமல் படிக்கக்கூடிய இடத்தில் ஒட்டுங்கள். காற்றுத் துப்பாக்கிக்காரர்களின் அட்டையில் 10 மீட்டரில் தொடங்கி, 20 மீட்டர் வரை இரண்டு மீட்டருக்கு ஒரு வரி இருக்க வேண்டும். அப்பகுதியில்தான் எண்கள் வேகமாக மாறுகின்றன.

11. ரெட்டிகிளால் தூரத்தை அளத்தல்

இலக்கின் அளவு தெரிந்தால் தூரம் தெரியும். மீட்டரில் அளவை 1000ஆல் பெருக்கி, ரெட்டிகிளில் படித்த மில் எண்ணால் வகுக்க வேண்டும். 45 சென்டிமீட்டர் தகடு 0.9 மில் அகலம் காட்டினால் அது 500 மீட்டரில் நிற்கிறது.

சூத்திரத்தைவிடப் படிப்பதில்தான் தவறு நேர்கிறது. அதே தகட்டை 0.8 என்று படித்தால் விடை 562 மீட்டர். அதற்கான உயர்த்தத்தோடு சுட்டால் பாயிண்ட் 308 குண்டு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் மேலே சென்று தகட்டையே தாண்டிவிடும். ஆகவே 0.05 மில் வரை படிக்கப் பழக வேண்டும். துப்பாக்கியை மணல் பையில் அசையாமல் இருத்தி, தடித்த கோடு ஒன்றின் ஒரு விளிம்பை இலக்கின் ஓரத்தில் வைத்து, மறு ஓரத்தைப் படியுங்கள். கோட்டின் தடிமனை இருமுறை எண்ணாதீர்கள். லேசர் தூரமானி அனுமதிக்கப்படும் இடத்தில் அதையே பயன்படுத்துங்கள். ஃபீல்ட் டார்கெட்டில் அதற்கு அனுமதியில்லை. அங்கே பெரிய பக்கச் சக்கரத்தில் படம் தெளியும் இடத்தைப் படித்துத் தூரம் காண்கிறார்கள்.

12. திருகா, கோடா, காற்றுக்கு எது

தூரம் தெரிந்து நேரமும் இருந்தால் உயர்த்தத்தைத் திருகில் வையுங்கள்; மையத்தால் குறிவைப்பதே மிகத் துல்லியம். இலக்குகள் அடுத்தடுத்து வெவ்வேறு தூரத்தில் வந்தால் கோட்டால் பிடியுங்கள். பிடிக்கும்போது இலக்கு கீழ்க் கோட்டில் அமரும், மையம் மேலே போகும். அவசரத்தில் மேல் கோட்டை இலக்கில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் குண்டு பாதி வழியில் மண்ணில் விழும்.

காற்றை எப்போதும் கோட்டால் பிடிப்பதையே நான் சொல்லித்தருகிறேன். திருகைத் திருப்பி முடிப்பதற்குள் காற்று மாறிவிடும். விதி ஒன்றே: மையம் காற்று வரும் பக்கம் போக வேண்டும். இடப்பக்கமிருந்து காற்று வந்தால் மையத்தை இலக்குக்கு இடப்புறம் கொண்டுபோங்கள். அப்போது இலக்கு வலப்பக்கக் குறியில் அமரும். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 600 மீட்டரில் முன்சொன்ன பாயிண்ட் 308 குண்டை ஒரு மில்லுக்குச் சற்று மேல் தள்ளும். காற்று நேர்க் குறுக்காக இல்லாமல் சாய்வாக வந்தால் அதற்கேற்பக் குறையுங்கள்.

தப்பிய குண்டைத் திருத்த மண்ணில் எழும் புழுதியைப் பாருங்கள். அது மையத்திலிருந்து எத்தனை மில் விலகியது என்று உடனே ரெட்டிகிளில் படித்து, அடுத்த குண்டுக்கு அவ்வளவே எதிர்ப்பக்கம் பிடியுங்கள். இலக்கின் பின்னால் வெகுதூரத்தில் எழும் புழுதியை மட்டும் இப்படி அளக்காதீர்கள். அது இலக்கின் தூரத்தில் விழுந்த குண்டு அல்ல.

ஒவ்வோர் இலக்கும் முடிந்ததும் திருகைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவது பழக்கமாக வேண்டும். அடுத்த இலக்குக்கு முந்தைய தூரத்தின் எண்ணோடு சுடுவது, அனுபவமுள்ளவர்களும் செய்யும் பிழை.

13. எதை மாற்றினால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும்

தோட்டாவின் வகையோ தொகுப்போ மாறினால் எட்டாம் படியும் பத்தாம் படியும் மறுபடி தேவை. ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினால் ஆறாம் படியிலிருந்து தொடங்குங்கள். ஒன்பதாம் படியில் சுடாமல் செய்யும் பகுதியை மட்டும் தவிர்க்கலாம். வேறொருவர் உங்கள் துப்பாக்கியால் சுட்டால் டயாப்டர் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதக் கணக்கில் பெட்டியில் கிடந்த துப்பாக்கியானால் முதலில் வளையத் திருகுகளின் முறுக்குவிசையைச் சரிபார்த்து, பிறகு ஜீரோ தூரத்தில் ஒரு குழு சுடுங்கள். குளிர்காலத்தில் தயாரித்த அட்டையோடு மே மாதத்தில் நெடுந்தூரம் சுடச் செல்பவர் வேகத்தை மறுபடி அளக்க வேண்டும், ஏனெனில் வெடிமருந்து வெப்பத்தில் வேகமாக எரிகிறது. குறிப்பேட்டில் தேதியோடு வெப்பநிலையையும் எழுதி வைத்திருந்தால், அடுத்த ஆண்டு இந்த வேலை பாதியாகக் குறையும்.